குடியிருப்பு முற்றத்துல நடக்கிற பார்களுக்கு ராத்திரி நேரத்துக்குன்னு தனி விதி கேட்டு மனு

பெறுநர்: மேயர் அவர்கள், 7வது மாவட்டம் (எர்ஷேபெட்வாரோஷ்), புடாபெஸ்ட்

அனுப்புநர்: அகாட்ஸ்ஃபா, காசின்ட்சி, டோப் தெருக்கள்ல குடியிருக்கிற தமிழ் குடும்பங்கள்

ஐயா வணக்கம்,

நாங்க ஐடி வேலைக்கும் படிப்புக்கும் இங்க வந்து வாடகை வீட்ல இருக்கிறவங்க. எங்கள்ல நிறைய பேருக்கு உள்ளூர் தேர்தல்ல ஓட்டு கிடையாது, அதனால மனு எழுதுறது ஒன்னுதான் வழி. கையெழுத்து போடுறவங்க படிச்சு புரிஞ்சு போடணும்னு தமிழ்ல எழுதிருக்கோம், ஹங்கேரியன்ல மாத்தினது கூடவே இருக்கு.

முதல்லயே சொல்லிடுறோம், ரூயின் பாரை, அதாவது பாழடைஞ்ச பழைய கட்டிடத்துல நடத்துற பாரை, மூடுங்கன்னு நாங்க கேக்கல. 2002ல ஆரம்பிச்ச சிம்ப்லா கெர்ட்ங்கற ரூயின் பார் 2004ல காசின்ட்சி தெருவுல இருக்கிற அந்த பழைய கட்டிடத்துக்கு வந்தப்ப இந்த ஏரியா எப்படி இருந்துச்சுன்னு இங்கயே பொறந்து வளர்ந்தவங்க எங்ககிட்ட சொல்லிருக்காங்க, பழைய யூதர் குடியிருப்பு, 1944ல யூதர்கள கெட்டோன்னு ஒரே இடத்துல அடைச்சு வச்ச தெருக்கள், அப்புறம் பல வருஷம் யாரும் ரிப்பேர் பண்ணாம வீடுங்க இடிஞ்சுகிட்டே இருந்து, பில்டருங்க வாங்கி ஒவ்வொன்னா இடிக்கவும் ஆரம்பிச்சிட்டாங்க. இடிக்கக்கூடாதுன்னு ஓவாஷ் மாதிரி அமைப்புங்க போராடினாங்க. அந்த நேரத்துல காலி கட்டிடத்துல உடைஞ்ச நாற்காலியும் பழைய டிராபன்ட் காரும் போட்டு பீர் வித்தவங்களாலதான் இந்த பழைய சுவருங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு பல பேருக்கு தெரிஞ்சுது. சிம்ப்லால ஞாயித்துக்கிழமை விவசாயிங்க சந்தை போடுவாங்க, எங்க வீட்டு காய்கறியே அங்கதான் வாங்குறோம். இதெல்லாம் போயிடக்கூடாது.

எங்க பிரச்சனை வேற. ரூயின் பார்ங்கறது காலி கட்டிடத்துல ஆரம்பிச்சுது, ஆனா இப்ப ஆளுங்க குடியிருக்கிற கட்டிடத்தோட கீழ்த்தளத்துலயும் முற்றத்துலயும் அதே பேர்ல பார் நடக்குது. இந்த ஊர் பழைய வீடுங்க எப்படி கட்டிருக்காங்கன்னு உங்களுக்கு நாங்க சொல்ல வேண்டியதில்ல, நடுவுல முற்றம், சுத்தி நாலு பக்கமும் மாடி மாடியா நடைபாதை, எல்லா வீட்டு கதவும் படுக்கையறை ஜன்னலும் அந்த முற்றத்த பாத்துதான் இருக்கு. கீழ ஒருத்தர் சிரிச்சா நாலாவது மாடில கேக்கும், இதுல ஸ்பீக்கர் வச்சா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. எங்க பக்கத்து வீட்ல வயசான பாட்டி ஒருத்தங்க தனியா இருக்காங்க, வெள்ளி சனி ராத்திரில தூங்க முடியாம மக வீட்டுக்கு போயிடுறாங்க, சொந்த வீட்ட விட்டுட்டு. எங்க குழந்தைங்க திங்கக்கிழமை ஸ்கூல்ல தூங்கி விழுறாங்க.

2012ல இருந்து பாருக்குள்ள சிகரெட் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் வந்ததுல உள்ள இருந்த கூட்டம் எல்லாம் வாசல்ல வந்து நிக்குது, சட்டம் நல்ல சட்டம்தான், ஆனா அந்த சத்தம் இப்ப தெருவுல இருக்கு. அதோட நடைபாதைலயும் வீட்டு கேட்லயும் மூத்திரம், விடியக்காலைல கண்ணாடி பாட்டில மொத்தமா தொட்டில கொட்டுற சத்தம்.

2018 பிப்ரவரில நள்ளிரவுல இருந்து காலைல 6 மணி வரைக்கும் பாருங்கள மூடலாமான்னு நம்ம மாவட்டத்துல வாக்கெடுப்பு நடந்து போதுமான ஆளுங்க வராம செல்லாம போச்சு. அந்த கேள்வி எல்லாரையும் ஒரே கணக்குல சேத்துடுச்சுங்கறதுதான் எங்க கருத்து, காலி கட்டிடத்துல நடக்கிறதும் நாப்பது குடும்பத்துக்கு நடுவுல நடக்கிறதும் ஒன்னு கிடையாது. பார்ல வேலை பாக்கிற பசங்க நிறைய பேர் எங்க ஃபிரண்ட்ஸ், மொத்தமா மூடிட்டா அவங்க பொழப்பு போயிடும். பக்கத்து மாவட்டம் தெரேஸ்வாரோஷ்ல 2024ல ஏர்பிஎன்பி (வீட்ட சுற்றுலா வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடுறது) பத்தி வாக்கெடுப்பு வச்சு தடைன்னு முடிவு வந்துச்சு, அதனால ஒரு மாவட்டம் நினைச்சா விதி போட முடியும்னு தெரியுது.

ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 வரைக்கும் சத்தத்துக்கு சட்டத்துல ஏற்கனவே தனி வரம்பு இருக்கு. அதனால நாங்க கேக்கிறது இதுதான். குடியிருப்பு இருக்கிற கட்டிடத்தோட திறந்த முற்றத்துல 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் வேண்டாம், மேல கூரை போட்டு சத்தம் அடங்குதுன்னு அளந்து காட்டினா மட்டும் விடுங்க. நள்ளிரவுக்கு மேல திறக்க அனுமதி கொடுக்கும்போது அந்த கட்டிடத்துல குடியிருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, வாடகைக்கு இருக்கிறவங்களயும் சேத்து. கண்ணாடி பாட்டில காலைல 8 மணிக்கு முன்னாடி கொட்டக்கூடாது. காசின்ட்சி தெருவுலயும் பாருங்க நிறைய இருக்கிற கோஷ்டு முற்றத்து பக்கமும் ராத்திரி முழுக்க திறந்திருக்கிற கழிப்பறை வேணும், இது ரொம்ப அவசரம். ராத்திரில புகார் சொன்னா அப்பவே வந்து சத்தத்த அளக்கிற ஆள் வேணும், காலைல வந்தா அளக்க எதுவுமே இருக்காது.

கோடைக்காலம் ஆரம்பிச்சு முற்றத்துல மேசை போடுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு தடவை கூப்பிட்டு பேசுங்க ஐயா, பார் நடத்துறவங்களயும் அதே மேசைல உக்கார வைங்க, நாங்க வர தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்து போட்டிருக்கிற குடும்பங்கள்