ஏரியைப் பார்க்காமல் ஏரி நகரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுவிட்சர்லாந்தில் சூரிக்கிலிருந்து ஒரே நாளில் ஏரிக்கரை நகரமான லூசெர்ன் போய்வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மரப்பாலம், சிங்கச் சிற்பம், போக்குவரத்து அருங்காட்சியகம், பிலாட்டஸ் மலை, கடைவீதி என்று மூச்சுவிட இடமில்லாத பட்டியல். ஏரிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் நேரம் மிஞ்சினால்! கல்யாண வீட்டுக்குப் போய் மணமக்களைப் பார்க்காமல் திரும்பிய கதைதான்.

லூசெர்ன் ஏரி வட்டமாகக் கிடக்கும் குளம் அல்ல. மலைகளுக்கு நடுவே நாலாபுறமும் கைகளை நீட்டி, வளைந்து வளைந்து போகிறது. நகரத்துக் கரையில் நிற்பவருக்கு அதில் ஒரு கைதான் தெரியும். மிச்சமெல்லாம் மலை மறைவில். கப்பலேறிப் போனால்தான் ஒரு மலை விலகி அடுத்த நீர்ப்பரப்பு கண்ணில் படும்.

இதற்குத் தனிச் சுற்றுலாப் படகு எதற்கு? ரயில் நிலைய வாசலுக்கு எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. கால அட்டவணைப்படி ஓடும் பயணிகள் கப்பல்கள் அங்கிருந்து ஊர் ஊராக நின்று போகின்றன. வெக்கிஸ் வழியாக விட்ஸ்னாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோடையில் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் வாய்த்தால் விடாதீர்கள். அப்படி ஐந்து கப்பல்கள் அந்த ஏரியில் இருக்கின்றன. மூத்ததான 'ஊரி' 1901இல் வந்தது. தளத்தின் நடுவில் நின்று குனிந்து பார்த்தால், எண்ணெய் மினுங்கும் பெரிய எஃகுத் தண்டுகள் சக்கரத்தைத் தள்ளுவது தெரியும். சிறிய துறைகளில் கயிற்றை முளையில் சுற்றி, பலகையைப் போட்டு, ஆளை ஏற்றி, பலகையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நம்மூர் டவுன் பஸ் நடத்துநர் தோற்றார்.

விட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைக்கு ரயில் ஏறுகிறது. 1871இல் தொடங்கிய அதுதான் ஐரோப்பாவில் பல்சக்கரத்தின் உதவியால் ஏறும் முதல் மலை ரயில். வானம் தெளிந்திருந்தால் ஏறலாம். மேகம் மூடியிருந்தால் பேசாமல் கப்பலிலேயே திரும்பலாம்.

மரப்பாலத்தை நான் மட்டம் தட்டவில்லை. 14ஆம் நூற்றாண்டுப் பாலம். 1993 ஆகஸ்டில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்து, மறு ஆண்டே மீண்டும் திறக்கப்பட்டது. கூரையடியில் இருந்த முக்கோண ஓவியங்களில் பல அந்தத் தீயோடு போய்விட்டன. அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஊர் திரும்பும் முன் இருட்டிய பிறகும் நடக்கலாம். கப்பல் அப்படிக் காத்திருக்காது.

கடைசிக் கப்பல் பற்றி கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. குளிர்காலத்தில் கப்பல்கள் குறைவு. விட்ஸ்னாவில் லூசெர்னுக்கு நேர் ரயில் கிடையாது. கப்பலைத் தவறவிட்டவர் பேருந்தில் கியூஸ்னாக்ட் வந்து அங்கே ரயில் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. ரயில், பேருந்து, கப்பல் எல்லாவற்றுக்குமான பயணச் சீட்டாகிய சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவருக்கு இந்த அட்டவணைக் கப்பல்களில் தனி டிக்கெட் தேவையில்லை. கப்பல் டிக்கெட்டைத் 'தனியே வாங்குக' என்று கட்டுரையில் உள்ள அந்த வரியையாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்