நீருக்கடியில் கூட்டம் கூடுகிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் போனபாடில்லை, மற்றபடி உன்னை விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவில் உங்கள் ராக்கிங்ஹாம் பக்கம் வீட்டு வாடகை ஏறுவதைப் பற்றியும், அங்குள்ள ஸ்டர்லிங் கடற்படைத் தளத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகள் 2027 முதல் முறைவைத்து வந்து தங்கப்போவதைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "அங்கே சிங்கப்பூரில் உங்களுக்கெல்லாம் பயமாக இல்லையா?" அந்த வரிதான் சில நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேருமே சிங்கப்பூரில் பிரிட்டிஷ்காரர்களின் நேவல் பேஸில், அதாவது கடற்படைத் தளத்தில், வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். 1938-ல் செம்பவாங்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் கப்பல் பழுதுபார்க்கும் அவ்வளவு பெரிய டாக்கைத் திறந்தார்கள், எந்தப் போர்க்கப்பலும் வந்து நிற்கலாம் என்றார்கள். நான்கே ஆண்டில் தீவு ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே, 1941 டிசம்பர் 10-ம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களும் குவாந்தானுக்கு அப்பால் கடலில் விமானத் தாக்குதலில் மூழ்கி, 840 பேர் இறந்துபோனார்கள். அதே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பெயரில் இப்போதுள்ள பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 2025 ஜூனில் இங்கே வந்தபோது, பழைய கப்பலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய கப்பல் இருந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு முழுசாக நம்பிக்கை வராததற்கு அப்பா சொன்ன கதைகள்தான் காரணம்.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பேப்பரில் எல்லாம் விமானந்தாங்கிக் கப்பல்தான். சீனாவின் மூன்றாவது கப்பல் ஃபுஜியான், மின்காந்த விசையால் விமானத்தை உந்தி ஏற்றும் வசதியோடு, 2025 நவம்பரில் ஹைனானில் கடற்படையில் சேர்ந்தது. நம்ம ஊரிலும் 8,000 டன் எடையில் 150 மீட்டர் நீளமுள்ள புதிய போர்க்கப்பல்களில் முதலாவதை, பழைய விக்டரி என்ற பெயரையே வைத்து, 2025 அக்டோபரில் தண்ணீரில் இறக்கினார்கள். ஆஸ்திரேலியா ஜப்பானின் மொகாமி வகைக் கப்பல்களைத் தேர்ந்தெடுத்தது உனக்கே தெரியும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கப்பல்கள். எனக்குக் கவலை கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றித்தான்.

எண்ணிப் பார். வியட்நாமிடம் ரஷ்யாவின் கிலோ வகை நீர்மூழ்கிகள் ஆறு. மலேசியாவிடம் ஸ்கார்பீன் இரண்டு. இந்தோனேசியாவும் 2024-ல் இரண்டு ஸ்கார்பீனுக்கு ஒப்பந்தம் போட்டது. மியன்மாருக்கு இந்தியா ஒன்று கொடுத்தது, அடுத்த வருஷமே சீனா ஒன்று கொடுத்தது. தாய்லாந்து சீனாவிடம் கேட்ட நீர்மூழ்கி, ஜெர்மனி இஞ்சினைத் தர மறுத்ததால் வருஷக்கணக்காக இழுத்தது. நம்மிடம் இன்வின்சிபிள் வகையில் மொத்தம் நான்கு, அதில் இரண்டை 2024 செப்டம்பரில் சாங்கி கடற்படைத் தளத்தில் பிரதமர் லாரன்ஸ் வோங் சேவையில் சேர்த்தார், 2025 மார்ச்சில் இன்னும் இரண்டு வாங்கப்போவதாகவும் அறிவித்தார்கள். இதற்கு மேல் சீனா, ஜப்பான், கொரியா, அமெரிக்கா, இந்தியா என்று பெரிய கடற்படைகளின் நீர்மூழ்கிகள், அப்புறம் உன் வீட்டுப் பக்கம் வரப்போகிறவை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. தென் சீனக் கடலில் நடப்பதைப் பார்த்த பிறகு வியட்நாம்காரனைப் பார்த்து ஏன் வாங்கினாய் என்று எப்படிக் கேட்பது? ஆனால் கூட்டம் கூடிவிட்டது, அதுவும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்று கட்டப்பட்ட கலங்களின் கூட்டம்.

நான் நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் இருப்பதால் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன் என்று நினைக்கிறேன். நீர்மூழ்கி சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும்போது மேலே மிதந்துதான் வரும், ஆழம் குறைவு. ராத்திரியில் அது வருவதைப் பார்த்திருக்கிறாயா? 70 மீட்டர் நீளமிருந்தும் தண்ணீருக்கு மேலே தெரிவது கறுத்த முதுகும் நடுவில் நிமிர்ந்த கோபுரமும்தான். விளக்குகளும் தாழ்வாக, நெருக்கமாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கிறவன் ஏதோ மீன்பிடிப் படகு என்றுதான் எண்ணுவான். ரேடாரிலும் சின்னப் புள்ளிதான். அந்தப் பக்கம் மூன்று லட்சம் டன் எண்ணெய்க் கப்பல் ஒன்று, நிறுத்த வேண்டுமென்றால் மைல்கணக்கில் தூரம் வேண்டும், வலப்பக்கம் திரும்ப இடமும் இருக்காது. நீரிணையில் பிலிப் கால்வாய்ப் பக்கம் வழி மூன்று கிலோமீட்டர்கூட அகலமில்லை.

விபத்து நடக்காமலும் இல்லை. 2003 ஜனவரியில் நம்ம ரோந்துக் கப்பல் கரேஜியஸ், ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி, கடற்படைப் பெண்கள் நான்கு பேர் போய்விட்டார்கள். நான்கு பேருமே இளவயசு. இன்றைக்கும் அந்தப் பக்கம் போகும்போது நினைக்காமல் இருக்க முடியாது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜான் மெக்கெய்ன் போர்க்கப்பல், நீரிணைக்குக் கிழக்கே ஒரு எண்ணெய்க் கப்பலின் குறுக்கே போய்விட்டது, பத்து மாலுமிகள் இறந்தார்கள். எந்த எதிரியும் இல்லை. சுக்கானும் வேகமும் எந்தத் திரையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதில் வந்த குழப்பம்தான். விலாவில் ஓட்டையோடு அது சாங்கிக்கு வந்து நின்றது. அதன் பிறகுதான் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நெரிசலான கடலில் தங்கள் அடையாள சிக்னலை அனுப்பத் தொடங்கின, தொடுதிரைக்குப் பதில் பழையபடி கையால் இயக்கும் கருவிகளையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் தென் சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டுப் பக்கம் பிலிப்பீன்ஸ் கப்பலைத் துரத்திய சீனக் கடலோரக் காவல் கப்பலும் சீனாவின் சொந்தப் போர்க்கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, அந்த வீடியோவை நீயும் பார்த்திருப்பாய்.

மேலே மோதினால் பத்து நிமிஷத்தில் உதவி வரும். கீழே மோதினால்? தென் சீனக் கடலில் 2021 அக்டோபரில் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி கனெக்டிகட் கடலுக்கடியில் இருந்த மலையில் முட்டியது. உயிர்ச்சேதம் இல்லை, நல்லவேளை. ஆனால் அதே வருஷம் ஏப்ரலில் பாலிக்கு வடக்கே இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி 53 பேரோடு காணாமல் போனது நினைவிருக்கும். உள்ளே காற்று 72 மணி நேரம்தான் தாங்கும் என்று சொன்னார்கள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்ம ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ மீட்புக் கப்பல் கேட்ட உடனே கிளம்பியது, இந்தியா விசாகப்பட்டினத்திலிருந்து தன் மீட்புக் கலத்தை அனுப்பியது, ஆஸ்திரேலியா, மலேசியா, அமெரிக்கா எல்லாம் ஓடி வந்தன. கடைசியில் 838 மீட்டர் ஆழத்தில், மூன்று துண்டாகக் கிடந்ததை ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ இறக்கிய கேமரா காட்டியது. அந்த ஆழத்தில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனாலும் கேள்வி கேட்காமல் வந்தார்கள் பார், அதுதான் எனக்கு முக்கியம். ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கி 2000-ல் 118 பேரோடு மூழ்கியபோது, வெளிநாட்டு உதவியை ஏற்பதா என்று யோசித்துக்கொண்டே நாள்கள் போயின. வெடிப்புக்குப் பிறகும் பின்பக்க அறையில் 23 பேர் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தார்கள்.

மீட்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டபோது நிஜமாகவே சிலிர்த்துப்போனேன். நீர்மூழ்கியின் முதுகில் தப்பிக்கும் வாசல் ஒன்று இருக்கும், அதைச் சுற்றி வழவழப்பாகத் தேய்த்த வட்டமான உலோக விளிம்பு. மீட்புக் கலம் இறங்கி அதன் மேல் பாவாடை போன்ற அடிப்பகுதியைப் பொருத்தி உட்காரும், இடையில் உள்ள தண்ணீரை இறைத்துவிட்டால் வெளிக்கடலின் அழுத்தமே இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வாசலைத் திறந்து ஆட்களை மேலே ஏற்ற வேண்டியதுதான். உள்ளே அழுத்தம் கூடியிருந்தால், அதே அழுத்தத்தில் வைத்தே கப்பலில் உள்ள அறைக்கு மாற்றி, அழுத்தத்தை மெதுவாகக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் குமிழி வந்து ஆள் போய்விடுவான். அந்த விளிம்பின் அளவு நாட்டுக்கு நாடு ஒத்துப்போகவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். அளவு ஒத்துப்போனால் யாருடைய கலமும் யாருடைய ஆளையும் காப்பாற்றலாம்.

இதற்காகவே பசிபிக் ரீச் என்று ஒரு பயிற்சி இருக்கிறது, முதலாவதை 2000-ல் நடத்தியது சிங்கப்பூர்தான். 2025 செப்டம்பரில் மறுபடியும் இங்கே நடந்தது. இந்தியாவின் புத்தம்புது மீட்புக் கப்பல் நிஸ்தார், விசாகப்பட்டினத்தில் கட்டி ஜூலையில்தான் சேவையில் சேர்ந்தது, அது இதற்காகச் சாங்கிக்கு வந்திருந்தது. டிவியில் இதற்குக் கிடைத்த இடம் ஃபுஜியானுக்குக் கிடைத்ததில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆக, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பயம் இருக்கிறது. யாராவது ஒரு ஜனாதிபதி உத்தரவு போட்டு போர் மூளும் என்பதைவிட, ஒரு ராத்திரி, ஒரு சின்னத் தவறு, கீழே ஒரு கலம் சத்தமில்லாமல் நின்றுபோவது, அது யாருடையது என்று சொல்லவே அந்த நாடு தயங்குவது, மற்றவர்கள் சந்தேகப்பட்டுக் குறுக்கே நிற்பது — அதுதான் பயம். தேடப் போகும் கப்பலை உளவுக் கப்பல் என்று தடுத்தால் 72 மணி நேரம் எங்கே போதும்? சீனாவும் அமெரிக்காவும் உட்பட நிறைய கடற்படைகள் 2014-ல் சீனாவின் சிங்டாவ் நகரில் கூடி, எதிர்பாராமல் சந்தித்தால் எப்படி நடந்துகொள்வது, என்ன சிக்னல் கொடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல காரியம், ஆனால் அது முக்கியமாகத் தண்ணீருக்கு மேலே சந்திக்கும்போது. கீழே சந்திப்பதற்கும் அதைப்போல ஒன்று வேண்டும், இருக்கும் இடத்தைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, விபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த அலைவரிசையில், யார் முதலில் வரலாம் என்பதையாவது முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். நம்மைப் போன்ற சின்ன நாடு இதை முன்னின்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கடல் சட்ட மாநாட்டுக்கே நம்ம டாமி கோ தலைமை தாங்கியிருக்கிறாரே, நமக்கென்ன தயக்கம்?

உன் மகன் அங்கே ஹென்டர்சன் கப்பல் பட்டறையில் நீர்மூழ்கிப் பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்க ஆசைப்படுகிறான், ஆனால் உன் மனைவிக்கு இஷ்டமில்லை என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால் போகட்டும் என்பேன். உங்கப்பா செம்பவாங் டாக்கில் முப்பது வருஷம் வெல்டிங் செய்தார், அந்த வேலையில் ஒரு குறை சொல்ல ஆள் இல்லை. 2024-ல் அமெரிக்காவின் ஹவாய் நீர்மூழ்கியை ஸ்டர்லிங்கிலேயே வைத்துப் பராமரித்தார்களே, அதில் ஆஸ்திரேலியப் பையன்களும் கைவைத்தார்கள். நல்லபடி கற்றுக்கொள்ளும் தொழில். அவனிடம் ஒன்று மட்டும் சொல், உள்ளே இருக்கும் ஆளின் உயிர் அவன் போடும் ஒட்டில் இருக்கிறது. அந்தத் தப்பிக்கும் வாசல் வேலை கிடைத்தால் இரண்டு தடவை பார்க்கச் சொல்.

அப்புறம், பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் கோயிலுக்கு வருகிறாயா இல்லையா? நம் அப்பாக்கள் கேன்பரா ரோட்டில் கும்பிட்ட முருகன், இந்த வருஷமாவது வந்து பார். டிக்கெட் போட்டதும் எழுது, அம்மா இப்போதே உனக்குப் பிடித்த மாசிச் சம்பல் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
உன் செம்பவாங் நண்பன்