துடைப்பம் பிடிக்கவும் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்கன்று நடும் விழா என்றால் உங்கள் நாளிதழில் படம் வந்துவிடுகிறது. சந்தோஷம். நட்ட பிறகு அந்த இடத்தை யார் பெருக்குகிறார்கள் என்றும் ஒருமுறை எழுதுங்களேன். நான் சக்கர நாற்காலியில் போய்வருபவன். எங்கள் பகுதியின் பொது இயற்கைத் தோட்டத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் ஒருவன்.

எல்லோரும் வந்துபோக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய தோட்டம்தான். சாய்தளம் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம். பாதையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் இடிக்காது. ஆனால் ஒரு மழை போதும்: சாய்தளத்தின் அடியில் சேறு தேங்கிவிடும், நிழலான இடத்தில் பாசி பிடித்துவிடும். வேர் தூக்கிவிட்ட கல் அரை அங்குலம் உயர்ந்திருந்தால் நடப்பவர்களின் கண்ணில்கூடப் படாது. என் நாற்காலியின் முன்சக்கரமோ சின்னது. கல்லில் முட்டியதும் நின்றுவிடும், நான் குப்புறச் சாய்வேன். பார்வையற்றவர்கள் பாதையின் ஓரத்தைக் கைத்தடியால் தடவிக்கொண்டே வருவார்கள். அங்கேதான் யாராவது உரமூட்டையைச் சாத்தி வைத்திருப்பார்கள்! முகத்துக்கு நேராக நீளும் கிளை அதைவிட மோசம். கைத்தடிக்கு அது தட்டுப்படவே படாது.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. துடைப்பமும் கத்தரியும், பிடிக்க ஆளும் இருந்தால் சரி. அந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

நான் வேலை பார்ப்பது உயர்த்திக் கட்டிய பாத்தியில். அடியில் முழங்கால் நுழைய இடம்விட்டு மேசைபோலக் கட்டியது. தொட்டும் முகர்ந்தும் பார்ப்பதற்காகத் துளசியும் எலுமிச்சைப் புல்லும் வைத்திருக்கிறோம். அரளி அழகுதான், வறட்சியும் தாங்கும். ஆனால் செடி முழுக்க நஞ்சு, தொடச் சொல்லும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. எருக்கு விஷயம் வேறு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும், எனவே வெட்ட மனம் வராது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பாதையைவிட்டுத் தள்ளி விட்டிருக்கிறோம். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பட்டாம்பூச்சியின் இளம்புழு. புதிதாக வருபவர்கள் மருந்தடிக்கக் கிளம்பிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பதால் எனக்கு அந்த இலைகள் கண்ணுக்கு நேராக இருக்கும். முதலில் பார்த்துத் தடுப்பது நான்தான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் உண்டு.) ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பொழுதுபோக்கில் எங்களுக்குச் சமபங்கு வேண்டும் என்கிறது. தோட்டங்களிலோ "உங்களுக்காகத்தான் செய்கிறோம்" என்று எங்களை விருந்தாளிகளாகவே வைத்திருக்கிறார்கள். வேலையையும் கொடுங்கள். விதை பிரிக்கலாம், நாற்று மாற்றி நடலாம், பெயர்ப்பலகை எழுதலாம். எல்லாமே உட்கார்ந்தபடி செய்யக்கூடியவை. தன்னார்வலர்களுக்கு அழைப்பு விடுப்பவர்கள் இந்த வேலைகளையும், கழிப்பறைக்கு நாற்காலியில் போக முடியுமா என்பதையும் அதிலேயே குறிப்பிட்டால் வீட்டோடு இருக்கும் பலர் கிளம்பி வருவார்கள்.

உங்கள் புகைப்படக்காரரிடமும் ஒரு வேண்டுகோள்: நடும் விழா அன்று வந்தது போதும், அடுத்த மழை விட்ட மறுநாள் வரட்டும். அப்போது பாதையைப் படம் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தன்னார்வலர் ஒருவர்