இனி நாங்களே வந்து அளப்போம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வருகிற தை மாதம் முதல் நம் பட்டறையில் ஒரு வழக்கத்தை நிறுத்துகிறோம். செல்போனில் வந்த அளவையோ, கொத்தனார் துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்த அளவையோ நம்பி இனி நிலைக்கும் கதவுக்கும் ஜன்னலுக்கும் மரம் அறுக்க மாட்டோம். எங்கள் ஆசாரி உங்கள் வீட்டுக்கு வந்து, தன் கையால் டேப் பிடித்து அளந்த பிறகுதான் ரம்பம் ஓடும். இதனால் வேலை நான்கைந்து நாள் தள்ளிப்போகும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது சிரமம் என்று தெரியும். ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு மாடிக்கு நான்கு தேக்குக் கதவுகள் செய்துகொடுத்தோம். நிலைகளை முன்பே நிறுத்தியிருந்தார்கள். 7 அடி நிலை. மேல் சட்டம் 3 அங்குலம் போக, கதவுக்கு 6 அடி 9 அங்குலம் என்று சீட்டு வந்தது. அப்படியே செய்தோம். கதவைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் உள்ளே போகவில்லை. சீட்டு எழுதிய நாளில் அங்கே வெறும் காங்கிரீட் தளம்தான் இருந்தது. அதன் மேல் கலவையும் டைல்ஸுமாகத் தரை இரண்டரை அங்குலம் ஏறிவிட்டது.

வேறு வழியின்றி அங்கேயே, வராந்தாவில் முக்காலி போட்டு, கதவின் அடியை அறுத்தோம். கீழ்ச் சட்டத்தைப் பிடித்திருந்த மூங்கில் ஆணிகளில் ஒன்று பாதியாக அறுபட்டு வெளியே தெரிந்தது. அந்த அம்மா கீழே விழுந்த தேக்குத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை அளந்தது யார்?" என்று கேட்டார். பொறியாளர், வரைபடத்தில் அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார். கொத்தனார், கதவு செய்கிறவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். எங்கள் ஆசாரி, கொடுத்த அளவுக்குத்தான் செய்தேன் என்றார். மூன்று பேர் சொன்னதும் உண்மை. அந்த வாசலை, தரை ஏறிய பிறகு, யாருமே அளக்கவில்லை என்பதும் உண்மை. நான்கு கதவுகளையும் எங்கள் செலவில் புதிதாகச் செய்துகொடுத்தோம். கேட்டது அந்த அம்மாவின் உரிமை. அளந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அதிலிருந்து எங்களுக்குத் தெளிவான விதி இதுதான்: ஒரு பொருளை எவர் வெட்டுகிறாரோ, அதன் கடைசி அளவு அவருடைய பொறுப்பு. அடுத்தவர் சொன்ன எண்ணைக் கொண்டு வெட்டினாலும் பொறுப்பு மாறாது.

எண்கள் கைமாறும்போது எப்படிக் கெடுகின்றன என்பதை எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோம். "3.6" என்று குறுஞ்செய்தி வரும். அனுப்பியவர் மனத்தில் இருப்பது 3 அடி 6 அங்குலம். கணினியில் வரைகிறவருக்கு அது தசமம், 3.6 அடி என்றால் 3 அடி 7 அங்குலத்துக்கும் சற்று மேல். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். மீட்டரில் வரைந்த படமாக இருந்தால் இன்னொரு சிக்கல். 1.20 மீட்டர் ஜன்னலை எல்லோரும் நாலடி ஜன்னல் என்றே சொல்கிறார்கள். டேப்பில் அது 3 அடி 11¼ அங்குலம். நாலடிக்கு ஆறு நூல் குறைவு (எட்டு நூல் சேர்ந்தது ஓர் அங்குலம்). மரவேலையில் ஒரு நூல் தப்பினாலே கதவு உரசும், ஆறு நூலை எங்கே கொண்டு ஒளிப்பது?

அதற்கும் மேலாக, சொன்னது உள் அளவா, வெளி அளவா என்ற கேள்வி இருக்கிறது. மூன்றரை அடி நிலை என்று ஒருவர் சொல்லும்போது சட்டத்தின் வெளி விளிம்பைச் சொல்கிறார். இன்னொருவர் ஆள் நுழைகிற இடைவெளியைச் சொல்கிறார். இரு பக்கமும் 3 அங்குலச் சட்டம் என்றால் அரை அடி போய்விடும். மனையடி பார்த்து அறையை 11 அடி வேண்டும் என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். செங்கல்லுக்குச் செங்கல் 11 அடி இருந்தால், இரு சுவரிலும் அரை அங்குலம் பூசியதும் 10 அடி 11 அங்குலம்தான் நிற்கும். பூச்சுக்குப் பிறகு 11 அடி வேண்டுமென்றால் சுவர் எழும்பும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

கதவு, ஜன்னல் எங்கள் பொறுப்பு. மற்றவை பற்றியும் கேட்கிறீர்கள் என்பதால், அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம். மனையின் எல்லை உங்களுடையது. பட்டாவும் பத்திரமும் சொல்வதையும், தரையில் கல் நிற்கும் இடத்தையும் நில அளவரை அழைத்து ஒப்பிட்டுவிட்டு வானம், அதாவது அடித்தளக் குழி, தோண்டுங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் விண்ணப்பத்தில் எழுதும் அளவு சரி என்று கையெழுத்திடுவது நீங்கள்.

அடித்தளத்துக்கு நூல் கட்டும் நாளில் பொறியாளர் நேரில் நிற்க வேண்டும். நீங்களும் கூட நில்லுங்கள். 30-க்கு 40 அடி கட்டடம் என்றால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 50 அடி வர வேண்டும். வராவிட்டால் மூலை மட்டம் சரியில்லை என்று பொருள். கடைக்கால் போடும் முன் அதைத் திருத்த அரை மணி நேரம் போதும். சுவரின் தூக்கு (செங்குத்தாக நிற்பது), மட்டம் இரண்டும் கொத்தனாருடைய பொறுப்பு. நாங்கள் அளக்க வரும்போது அவர் உடன் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றைக் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. குறை என்று முறையிடும் நாளில், யார் என்ன அளவு சொன்னார் என்பதற்கு எழுத்து வேண்டும். வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

எனவே இனி எங்கள் முறை இப்படி. நிலைக்கு ஒரு முறை, கதவுக்கு ஒரு முறை என்று இரண்டு முறை வருவோம். முதல் முறை வரும்போது, தரை எங்கே வந்து நிற்கும் என்பதைக் கொத்தனாரோடு சேர்ந்து முடிவுசெய்து, அங்கிருந்து நான்கு அடி உயரத்தில் எல்லா அறையிலும் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துக் கோடு போடுவோம். டைல்ஸா, கிரானைட்டா என்பதை அன்றைக்குள் தீர்மானித்துவிடுங்கள். இரண்டுக்கும் கனம் வேறு. இரண்டாம் முறை டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் வருவோம். அளவை அடி, அங்குலம், நூல் என்று எழுத்தாலும் மில்லிமீட்டரில் எண்ணாலும் தாளில் எழுதி, நீங்களும் ஆசாரியும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம். அந்தத் தாளில் உள்ள அளவு தவறினால் மரமும் கூலியும் எங்களுடையது. கையெழுத்துக்குப் பிறகு நீங்கள் தரையை உயர்த்தினால் மாற்றுச் செலவை உங்களிடம் கேட்போம். அளக்க வருவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

தலைவாசல் நிலை வைக்க நாள் குறித்தவர்கள் குறைந்தது இருபது நாள் முன்னதாகச் சொல்லுங்கள். நல்ல நேரம் நெருங்கும் காலையில், மஞ்சள் பூசி மாலை போட்ட நிலையை இழைக்கச் சொன்னால் எங்கள் ஆசாரிக்குக் கை வராது.

இப்படிக்கு,
உங்கள் மரப் பட்டறையினர்