மம்மி இருக்கும் பெட்டிக்கும் விளக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டைய எகிப்துப் பொருள்கள் சிங்கப்பூருக்கு வரும்போதெல்லாம் பேச்சு மம்மியைச் சுற்றியே போகிறது. 2013ல் கலை அறிவியல் அரும்பொருளகத்துக்கு நெஸ்பெரென்னுப் என்ற பூசாரியின் உடல் வந்தபோதும் அப்படித்தான். அவரைப் பிரிக்காமல் ஏன் ஊடுகதிர்ப் படத்தில் பார்த்தார்கள்? காரணம் அவரது உறையிலேயே இருந்தது. மண்ணும் வைக்கோலும் சேர்த்துப் பிடித்த உருவின்மேல் லினன் துணியைப் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டிச் சாந்து பூசுவார்கள். காய்ந்ததும் மண்ணைப் பின்பக்கப் பிளவு வழியே சுரண்டி எடுத்து, அதே வழியில் உடலைச் செலுத்திக் கயிற்றால் தைத்துவிடுவார்கள். மறுபடி திறக்க உறையை அறுத்தாக வேண்டும். இனி இப்படிக் கண்காட்சி வந்தால், பெட்டி செய்த விதத்துக்கும் விளக்க அட்டையில் இடம் தரவேண்டும்.

மரப்பெட்டிகளில் பார்க்கவேண்டியது இன்னும் அதிகம். நைல் கரையில் நல்ல பலகை அரிது. அத்தியும் கருவேலமும் குட்டையாக, கணு நிறைந்து கிடைத்தன. நேரான தேவதாரு லெபனானிலிருந்து கப்பலில் வரவேண்டும். வசதி படைத்தவருக்கே கட்டுப்படியாகும். எனவே தச்சர் துண்டுப் பலகைகளைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி அடித்தார். இழைப்புளி கிடையாது, வாய்ச்சியால் செதுக்கிக் கல்லால் தேய்த்தார். சந்துகளில் மண் மக்கு, அதன்மேல் துணி, பிறகு சுண்ணத்தூளும் வஜ்ஜிரப் பசையும் கலந்த பூச்சு, கடைசியாக வண்ணம். பூச்சு உதிர்ந்த இடத்தில் குனிந்து பாருங்கள், ஒட்டுப்போட்ட மரம் தெரியும். காவி, கரி, அரிதாரம் என்ற மஞ்சள் கனிமம் ஆகியவற்றோடு, மணல், சுண்ணாம்பு, செம்பு சேர்த்துச் சூளையில் சுட்ட நீலமும் உண்டு. சுமார் 3,000 ஆண்டுக்கு முந்தைய 21ஆம் அரச மரபின் பெட்டிகள் மஞ்சளாகத் தெரிவதற்குப் பிசின் மெருகு முதுமையடைந்ததும் ஒரு காரணம்.

தெய்ர் எல்-மெதினா கைவினைஞர் குடியிருப்பின் ஓட்டுச்சில்லுகளில் விலை எழுதியிருக்கிறது. சாதாரணப் பெட்டி பெரும்பாலும் 20 முதல் 40 டெபன். ஒரு டெபன் சுமார் 91 கிராம் செம்பு. தொழிலாளியின் மாதக் கூலித் தானியம் ஏறக்குறைய 11 டெபன் பெறும். இவ்வளவு விலையுள்ளதை மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பார்களா? மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பழைய பெட்டியை எடுத்து, பூச்சைச் சுரண்டி அல்லது அதன்மேலேயே பூசி, வேறு பெயர் எழுதினார்கள். அக்காலத்துப் பெட்டிகளில் ஆணுக்கு மூடிய கைப்பிடி, பெண்ணுக்கு விரித்த கை. கைகள் தனியே செய்து பொருத்தப்பட்டவை என்பதால் மாற்றுவது எளிது. பெண்ணின் காதணி இருந்த இடத்தில் ஆணின் காதை வரைந்ததையும் காணலாம். மன்னர் இரண்டாம் ராம்செஸ் 1881ல் கண்டெடுக்கப்பட்டபோது படுத்திருந்ததுகூட முதலில் அவருக்கென்று செய்த பெட்டியல்ல.

அரச வேலையிலும் அளவு தப்பும். துட்டன்காமனின் வெளிப்பெட்டிக் கால்விரல்கள் கல்தொட்டியின் மூடியில் இடித்ததால் அங்கேயே செதுக்கித் தள்ளினார்கள். சீவல்கள் தொட்டிக்குள் கிடந்தன. 110 கிலோ எடையுள்ள உட்புறத் தங்கப்பெட்டியோ, மேலே ஊற்றிய தைலம் கெட்டியாகி நடுப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

நம் ஊருக்கு வரும் பெட்டிக்கு ஆபத்து ஈரப்பதம். இங்கே வெளியில் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். மரம் குறுக்குவாட்டில் உப்பும். சாந்து கூடவே விரியாது. விளிம்பு தூக்கி, வண்ணத்தோடு செதிலாக உதிரும். அதனால்தான் வந்திறங்கிய பேழையைக் குறைந்தது ஒரு நாள் திறக்காமல் வைத்து, பிறகு 50 விழுக்காட்டையொட்டிய கண்ணாடிக் கூண்டுக்கு மாற்றுகிறார்கள். விளக்கு மங்கலாக இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. வெளிச்சத்தில் அரிதாரம் வெளுக்கும். படம் எடுக்க முடியவில்லை என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதை அட்டையிலேயே சொல்லலாமே.

பெட்டி எகிப்தைவிட்டு எப்படி வெளியேறியது என்பதையும் எழுதவேண்டும். 1891ல் ஒரே புதைவறையில் கிடைத்த 153 பேரின் பெட்டிகளில் ஒரு பகுதியை எகிப்து அரசே 1893ல் 17 நாடுகளுக்குப் பகிர்ந்தளித்தது. அது வெளிப்படையான வரலாறு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகம் 2017ல் சுமார் 4 மில்லியன் டாலருக்கு வாங்கிய நெட்ஜெமன்க் என்ற பூசாரியின் தங்கமுலாம் பெட்டியோ 1971 தேதியிட்ட போலி ஏற்றுமதி உரிமத்துடன் வந்த திருட்டுப் பொருள். 2019ல் திருப்பித் தரப்பட்டது. மரத்தின் பெயர், மறுபயன்பாட்டுத் தடயம், வெளியேறிய ஆண்டு ஆகிய மூன்றையும் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் அச்சிட ஓர் அட்டையில் இடம் போதும்.

வாசகர்,
ஈசூன்