வாசலில் பந்தல் தெரிகிறது; உள்ளே கல்யாணமா, துக்கமா?

செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிரித் தகவலியல் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடியில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக டாக்டர் மேசையில் வைப்பதுதான் என் வேலை. ரிப்போர்ட்டில் என் பெயர் வராது. ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் நான் எழுதியதில்லை. ஆனால் இணையத்தில் இறக்கிய தரவை வைத்து, ஒரு மரபணு கூடினால் நோயாளியின் ஆயுள் இப்படி, குறைந்தால் அப்படி என்று நீங்கள் எழுதுவதை வாசிக்கிறேன், அதனால்தான் இந்த மடல்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சிக்குப் பெருங்குடலில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். வளவில் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பித்தளை அண்டா, தூக்கு, அடுக்குச் சட்டி. எல்லாவற்றிலும் கல்யாணத்தின்போது வெட்டிய இனிஷியல். இது மகளுக்கு, அது மருமகளுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

“பேரன் சொல்றான் தம்பி, எனக்கு ஏதோ நொதி கூடுதலாம். கூடுதலா இருந்தா ஆயுசு கம்மியாம். கொடுக்க வேண்டியதைக் கையோட கொடுத்துடுறேன்” என்றார்.

பேரன் உங்கள் துறையில் எம்.எஸ்ஸி. படிக்கிறான். நல்ல பையன், அப்பத்தா மேல் உயிர். அவன் புராஜெக்ட்டே ஐ.டி.ஓ.1 என்ற நொதியின் மரபணு வெளிப்பாடு, அதாவது அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது பற்றித்தான். ஆச்சி துருவிக் கேட்டிருக்கிறார். அவனும் லேப்டாப்பைத் திறந்து, நாள் போகப் போக எத்தனை நோயாளிகள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற படத்தைக் காட்டியிருக்கிறான். நீலக்கோடு மெதுவாக இறங்குகிறது, சிவப்புக்கோடு சரசரவென்று இறங்குகிறது. சிவப்பு என்றால் நொதி கூடுதல். ஆச்சி தன்னைச் சிவப்பில் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

அவர் கட்டியில் அந்த மரபணுவை யாரும் அளக்கவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவன் காட்டியது அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பின் தரவு. 33 வகைப் புற்று, 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பாலோர் அமெரிக்க வெள்ளையர்கள். எங்கள் ஆச்சி அதில் இல்லை.

சரி, அந்த நொதிதான் என்ன செய்கிறது? பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் நமக்குக் கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து கைனுரெனின் என்ற வேறொரு பொருளின் பக்கம் தள்ளிவிடுகிறது. நோயை எதிர்த்துச் சண்டை போடும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களுக்கு டிரிப்டோஃபேன் வேண்டும். அது குறைந்து கைனுரெனின் கூடினால் அவை சோர்ந்துபோகும். 1998-இல் சினை எலிகளுக்கு இந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தகப்பன் வழியில் வேறு இனத்தைச் சேர்ந்த கருக்களைத் தாயின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. கருவைத் தாயின் டி செல்களிடமிருந்து காப்பதில் இந்த நொதிக்குப் பங்கு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அதே வித்தையைப் பல மனிதக் கட்டிகளும் கையாள்கின்றன என்று 2003-இல் காட்டினார்கள். (இதைக் கேட்டு யாரும் பருப்பை நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். தட்டில் இருப்பது வேறு, கட்டிக்குள் நடப்பது வேறு.)

இதுவரை கேட்டால், நொதி கூடினால் எதிர்ப்புச் சக்தி படுக்கும், நோய் மோசமாகும் என்று கணக்கு நேராகத்தான் தெரியும். பெருங்குடல் புற்றில் அப்படிச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆனால் சிறுநீரகப் புற்றில், கட்டியின் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் இந்த நொதி இருந்தவர்கள் நீண்ட நாள் இருந்தார்கள் என்று 2007-இல் ஒரு ஆய்வு வந்தது. ஏன் இப்படித் தலைகீழாக? ஐ.டி.ஓ.1 மரபணுவைத் தட்டி எழுப்புவதே பெரும்பாலும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம்தான். அதைச் சுரப்பது சண்டைக்கு வந்த டி செல்கள். ஆக, நொதி கூடியிருந்தால் கட்டி ஒளிந்துகொள்கிறது என்றும் சொல்லலாம், டி செல்கள் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டன என்றும் சொல்லலாம்.

தேவகோட்டை பஸ்ஸில் போகும்போது தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் தெரிகிறது. கல்யாணத்துக்கும் பந்தல்தான், துக்கத்துக்கும் பந்தல்தான். இறங்கிப் போய் வாழைமரம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மொய் எழுதுகிறீர்கள்.

அந்தத் தரவில் இருப்பது கட்டித் துண்டை மொத்தமாக அரைத்து எடுத்த ஆர்.என்.ஏ., அதாவது மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல். அதற்குள் புற்றுச் செல், ரத்தக்குழாய், கொழுப்பு, வெள்ளணுக்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. அம்மியில் அரைத்த பிறகு எது மிளகு, எது சீரகம் என்று பிரிக்க முடியுமா? கணினியில் பிரித்துத் தரும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அவை மதிப்பீடுதான். என் ஸ்லைடில் செல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். நொதி புற்றுச் செல்லில் இருக்கிறதா, பக்கத்தில் நிற்கும் டென்ட்ரிட்டிக் செல் என்ற எதிர்ப்புச் சக்திச் செல்லில் இருக்கிறதா என்று சாயம் காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஆர்.என்.ஏ. நிறைய இருந்தால் புரதமும் நிறைய என்று அர்த்தமில்லை. புரதம் இருந்தாலும் நொதி வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு கைனுரெனினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும் உள்ள விகிதத்தை அளந்தாக வேண்டும்.

இந்த நொதியை நம்பி எடுத்த பெரிய அடியும் சரியாக விழவில்லை. மெலனோமா என்ற தோல் புற்று முற்றிய நோயாளிகள் 706 பேருக்கு, டி செல்களைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்து, பாதிப்பேருக்கு மட்டும் கூடவே நொதியைத் தடுக்கும் எபாகாடோஸ்டாட் மாத்திரையையும் கொடுத்தார்கள். நோய் மறுபடி முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை, மாத்திரை சேர்ந்தவர்களுக்கு 4.7 மாதம், சேராதவர்களுக்கு 4.9 மாதம். 2018-இல் ஆய்வை நிறுத்தினார்கள். அதையொட்டி இதே வழியில் போன வேறு பல ஆய்வுகளும் நின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றுக்கு ஐந்து தற்செயலை ஏற்றுக்கொள்வோம் என்றால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் ‘முக்கியம்’ என்று வந்து நிற்கும். போதாக்குறைக்கு, நொதி கூடுதல், குறைவு என்று நோயாளிகளைப் பிரிக்கும் கோட்டை எங்கே போட்டால் சிவப்பு, நீல வளைவு இரண்டும் அழகாகப் பிரியுமோ அங்கே தானே கோடு போட்டுத்தரும் பொத்தானும் இருக்கிறது. 2011-இல் மூன்று பேர் மார்பகப் புற்றுத் தரவை வைத்து ஒரு குறும்பு செய்தார்கள். சாப்பிட்ட பிறகு சிரிப்பதோடு தொடர்புள்ள மரபணுக்கள் என்று வேறெதற்கோ எடுத்த பட்டியலைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் நோயாளியின் ஆயுளை ‘முன்கணித்தது’! 100-க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கண்ணை மூடிப் பொறுக்கிச் சேர்த்த கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான் ஆயின. செல் வேகமாகப் பெருகும்போது ஏராளமான மரபணுக்கள் கூடவே ஏறி இறங்கும். எதைத் தொட்டாலும் அந்த வேகம்தான் தெரிகிறது. இதை வாசித்துவிட்டு ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தேன், சாப்பிட்ட பிறகும் சாப்பிடாமலும்.

நொதி பார்த்து நோயின் போக்கைச் சொல்லவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எம்.ஜி.எம்.டி. என்ற நொதி, மருந்து டி.என்.ஏ.வில் செய்யும் சேதத்தைச் சரிசெய்து கட்டியைக் காப்பாற்றும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் அதன் மரபணுவில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டி வாயடைத்திருந்தவர்களில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற புற்று மருந்தும் பெற்றவர்களின் ஆயுள் இடைநிலை 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். 2005-இல் வந்த முடிவு, இன்றும் டாக்டர்கள் கேட்கும் பரிசோதனை. அது நிலைத்து நின்றதற்குக் காரணம், சீட்டுக் குலுக்கிச் சிகிச்சை பிரித்த ஆய்வில் நோயாளிகளின் கட்டியையே எடுத்துப் பார்த்ததுதான். பெருங்குடல் கட்டிகளில் எங்கள் கூடத்தில் எம்.எல்.எச்.1 முதலான நான்கு புரதங்களுக்குச் சாயம் போடுகிறோம். டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் எழுத்துப்பிழையைத் திருத்துபவை அவை. ஒன்று காணாமல் போயிருந்தால் சிகிச்சையே மாறலாம்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இறக்கிய தரவை மட்டும் வைத்து எழுதும் கட்டுரையின் தலைப்பில் ‘முன்கணிப்புக் குறியீடு’ என்று போடாதீர்கள். கோடு எங்கே போட்டீர்கள், எத்தனை மரபணுக்களைப் பார்த்துவிட்டு இந்த ஒன்றை எடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். வழிகாட்டிகளே, மாணவனை வருடத்துக்கு மூன்று கட்டுரை என்று விரட்டாமல் ஒரு முறையாவது ஒரு திசுக்கூடத்துக்கு அனுப்புங்கள். எங்கள் அலமாரியில் இந்த ஊர்க்காரர்களின் சதைத் துண்டுகளைப் பதித்த மெழுகு பிளாக்குகள் வருட வாரியாக அடுக்கியிருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு வந்தால், பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல் வரை வந்த மாதிரி.

ஆச்சியிடம் இதைப் படித்துக் காட்டினேன். “பேரை மட்டும் போடாதே, மத்ததை எழுதிக்கோ” என்றார். மருமகள் அண்டாவைத் திருப்பிக் கொண்டுவந்தாராம். கொடுத்தது கொடுத்ததுதான் என்று ஆச்சி வாங்கவில்லை.

பேரன் போன சனிக்கிழமை கூடத்துக்கு வந்தான். பாடத்துக்கென்று வைத்திருக்கும் ஒரு பழைய பெருங்குடல் ஸ்லைடைக் காட்டினேன். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, கட்டியின் ஓரத்தில் கடுகு சிந்தினாற்போல் வெள்ளணுக்கள். கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தான்.

“இதுல எதுண்ணே டி செல்?”

“இந்தச் சாயத்தில் தெரியாது. டி செல்லை மட்டும் காட்டுற சிடி3 சாயம் போடணும்.”

அடுத்த சனிக்கிழமைக்குள் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
காரைக்குடி திசுக்கூட டெக்னீஷியன் ஒருவன்