எண்பது வயதில் ஈஆர்சிபி: மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

ஈஆர்சிபி (வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, எக்ஸ்ரே பார்த்தபடி பித்தநாள அடைப்பை நீக்கும் சிகிச்சை) செய்யும் மருத்துவமனைகளின் இயக்குநர்களுக்கும் இரைப்பை குடல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பித்தநாளக் கல்லும் மஞ்சள் காமாலையுமாக வரும் முதியவரை, "வயசாயிடுச்சு, ஆன்டிபயாட்டிக்லயே சமாளிப்போம்" என்று வார்டில் வைத்து நாள் கடத்தும் வழக்கம் முதலில் நிற்க வேண்டும். இந்த வயதில் பித்தநாளத் தொற்று காய்ச்சலும் வலியுமாக வெளிப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. சாப்பாட்டை ஒதுக்குவார், பேச்சு குழறும். சில நேரம் அவ்வளவுதான். பித்தநாளத் தொற்றுக்கான 2018 டோக்கியோ வழிகாட்டுதல், 75 வயது நிறைந்திருப்பதையே நோய்த் தீவிரத்தின் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. வயது ஏற ஏற அடைப்பை நீக்கும் அவசரமும் ஏறுகிறது.

ஈஆர்சிபி என்றதும் எல்லோரும் அஞ்சுவது கணைய அழற்சியை. அது இளையோரையே அதிகம் தாக்கும். முதியோருக்கு மூச்சும் இதயமும்தான் பெரிய கவலை. குப்புறப் படுத்த உடல், விளக்கு குறைத்த அறை, எல்லோர் கண்ணும் எக்ஸ்ரே திரையில். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் விரல் நுனிக் கருவி ரத்த ஆக்சிஜனைச் சிறிது நேரம் 98 என்றே காட்டும். எண் சரியும்போது நேரம் கைநழுவியிருக்கும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபில் கோடு உடனே தட்டையாகிவிடும். அந்தக் கருவியும், மயக்கத்தை மட்டும் கவனிக்க ஒரு மயக்கவியல் மருத்துவரும் இல்லாமல் 75 கடந்தவரை மேசையில் ஏற்ற வேண்டாம். மயக்கத்துக்கு மிடாசோலம்தான் கொடுப்பதென்றால் 1 மில்லிகிராமுக்குள் தொடங்கி, அடுத்த அளவுக்குக் குறைந்தது 2 நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது ரத்தக்கசிவு. பித்தநாள வாயைக் கீறுவதாக இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் குளோபிடோக்ரெல்லை 5 முதல் 7 நாள் முன்பும், வார்ஃபரினை 5 நாள் முன்பும் நிறுத்த வேண்டும். வார்ஃபரின் எடுத்தவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 1.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆஸ்பிரின் தொடரலாம். இதயத்தில் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் நாளத்தில் சீழ் கட்டியிருப்பவருக்கு 5 நாள் ஏது? கீறாமல் 7 ஃபிரெஞ்ச் அளவுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சிறு குழாய்) ஒன்றை நாளத்தில் வைத்துப் பித்தத்தை வடியவிட்டால் போதும். சாய மருந்தை ஏற்றும் முன் பித்தத்தை உறிஞ்சி எடுங்கள். அழுத்தம் கூடினால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். கல்லைச் சில வாரம் கழித்து எடுக்கலாம். ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் இங்கே பெரிய ஆபத்து.

கணைய அழற்சியைத் தடுக்கும் 100 மில்லிகிராம் இண்டோமெதசின் அல்லது டைக்ளோஃபினாக் ஆசனவாய் மாத்திரை நல்ல மருந்து. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் கொடுக்காதீர்கள். அதே அழற்சியைத் தடுக்க ரிங்கர் லாக்டேட் திரவத்தை நரம்பில் தாராளமாக ஏற்றும் முறை, இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்க வைக்கும்.

வைத்த ஸ்டென்ட் என்ன ஆகிறது? பிளாஸ்டிக் ஸ்டென்ட் 3 மாத அளவில் அடைக்கத் தொடங்கும். காய்ச்சல் விட்டது, காமாலை இறங்கியது, இனி எதற்கு என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பிறகு மயங்கிய நிலையில் தூக்கி வருகிறார்கள். டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியிலேயே, தமிழில், "உள்ளே குழாய் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். எண்டோஸ்கோபி அறையில் ஸ்டென்ட் பதிவேடு வேண்டும்: வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, மகன் அல்லது மகளின் கைபேசி எண். எட்டாவது வாரத்தில் அழைத்துப் பேசும் பொறுப்பை ஒரு செவிலியரின் பணிப்பட்டியலில் எழுதிக் கொடுங்கள். இந்த மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
எண்டோஸ்கோபி அறைகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்